மூக்கு நுனியில் ஆறாத புண்

பூனையின் மூக்கில் சின்னதாய் ஒரு புண். பின்சந்துப் பூனையோடு சண்டை போட்டிருக்கும் என்று முதல் வாரம் விட்டுவிடுவோம். அடுத்த வாரம் பொருக்குத் தட்டும். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் ஓர் ஊசி, ஒரு களிம்பு. புண் சுருங்கும், வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு மாதம் போனால் அதே இடத்தில் மறுபடி கிளம்பும், இந்த முறை கொஞ்சம் அகலமாக. "போன தடவை போட்ட அதே ஊசியையே போட்டுவிடுங்க டாக்டர், நல்லா கேட்டுச்சு" என்று நாமே எடுத்துக் கொடுப்போம்.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும், சிவப்பை வடியவைக்கும். எதனால் அரித்தது என்று கேட்காது. பூனைத் தோலைப் பொறுத்தவரை, திரும்பி வந்துவிட்டதாக நாம் சொல்லும் நோய்களில் பல முதலில் போகவே இல்லை. சோபாவின் அடியிலோ, வீட்டின் இன்னொரு பூனையிடமோ, பாதியில் நிறுத்திய மாத்திரை அட்டையிலோ அது இருந்துகொண்டேதான் இருந்தது. மலேசியாவில் இதைக் கூடுதல் கவனத்தோடு சொல்ல ஒரு காரணம் உண்டு. இங்கே பூனையின் மூக்குப் புண் என்றால் சந்தேகப் பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. அது பூனையோடு நிற்காமல் மனிதனுக்கும் தொற்றுவது.

சந்துக்குச் சந்து பூனை

சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976-இல் அங்கே வீடுகள் எழும்பத் தொடங்கின. எஸ்எஸ் 14, எஸ்எஸ் 15, எஸ்எஸ் 19, பிறகு யூஎஸ்ஜே என்று வரிசை வரிசையாக இணைப்பு வீடுகள். முதுகோடு முதுகு ஒட்டி, நடுவே ஒரு பின்சந்து. அந்தச் சந்துதான் பூனைகளின் நெடுஞ்சாலை. உணவுக்கடைக் குப்பைத் தொட்டியில் தின்று, எவர் வீட்டுக் கார் நிழலிலோ படுத்து, இரவில் எல்லைச் சண்டை போட்டு வாழும் பூனைகளுக்கும், உள்ளே ஏசி அறையில் வளரும் பெர்சியன் பூனைக்கும் இடையில் இருப்பது ஒரு கம்பிக் கதவு மட்டுமே. அதையும் காலையில் துணி காயப்போடத் திறந்துவைக்கிறோம்.

தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் பெரும்பாலும் நாய்தான் வளர்த்தார்கள். பூனை இருந்தால் அது எலி பிடிக்க. அதற்கென்று தனி வைத்தியம் கிடையாது. அடுக்குமாடிக்கும் கொண்டோவுக்கும் வந்த பிறகு கணக்கு மாறியது. நாய் குரைத்தால் மேல்மாடிக்காரர் புகார் கொடுப்பார். பூனை யாருக்கும் தெரியாமல் வளரும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வீட்டுக்குள் அடைபட்டபோது முதல்முறையாகப் பூனை வாங்கியவர்கள் பலர். அந்தக் குட்டிகள் இன்று நடுவயதுப் பூனைகள். தோல் ஒவ்வாமைகள் தலைகாட்டியிருக்கக்கூடிய வயதை அவை தாண்டியாகிவிட்டது.

இதோடு நம் வானிலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்ற ஒன்று இங்கே இல்லை. குளிர்நாடுகளில் சில மாதமாவது அடங்கிக் கிடக்கும் தெள்ளும் கொசுவும் பூஞ்சையும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க வேலையில் இருக்கின்றன.

ஒரே இடம், பல நோய்

மூக்குக்கே திரும்புவோம். அங்கே வரும் புண்ணுக்கு நான்கைந்து பெயர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சில பூனைகளுக்குக் கொசுக்கடி ஒவ்வாமை. முடி குறைவாக உள்ள மூக்குத் தண்டிலும் காது மடலிலும் கொசு கடித்த இடம் சிவந்து, பொருக்குத் தட்டிப் புண்ணாகும். பூனையைக் கொசுவலை அடித்த அறைக்குள் ஒரு வாரம் வைத்தாலே பெருமளவு ஆறிவிடும்; வெளியே விட்டால் திரும்ப வரும். மருந்தே இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. வெள்ளை மூக்கும் வெள்ளைக் காதும் உள்ள பூனைகளுக்கு வெயில் பட்டுப் பட்டு அந்த இடத்தில் தோல் புற்றுநோய் வரலாம். ஆறாத சிராய்ப்பு போலத்தான் தொடங்கும், நாளாக ஆக ஓரத்தை அரித்துத் தின்னும். அது சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டிய கேஸ். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூக்கையே வீங்கவைக்கும்.

இன்னொன்று ஸ்போரோட்ரிக்கோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் பூனை வளர்க்கும் மலேசியர்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

1898-இல் பால்டிமோர், 1990-இல் இங்கே

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பெஞ்சமின் ஷெங்க் என்பவர், ஒரு நோயாளியின் கைப் புண்ணிலிருந்து தாம் பிரித்தெடுத்த இந்தப் பூஞ்சையை 1898-இல் விவரித்தார். அவர் பெயரையே தாங்கி அது ஸ்போரோத்ரிக்ஸ் ஷெங்கியை ஆயிற்று. மண்ணிலும் மட்கும் இலைதழையிலும் அது நூல்நூலாக வளரும் பூசணம். உடம்புக்குள் 37 பாகை வெப்பத்தில் வேறு வடிவம் எடுத்து, ஈஸ்ட் செல்களாகப் பெருகும். பல நாடுகளில் இது தோட்டக்காரர்களின் நோய். ரோஜா முள் குத்திய விரலில் வரும்.

மலேசியாவில் முள்ளின் இடத்தைப் பூனை நகம் பிடித்துக்கொண்டது. பூனைகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோயாக இது இந்நாட்டில் பெருகி வருகிறது என்று இங்குள்ள கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 1990-லேயே பிரிட்டனின் 'வெட்டரினரி ரெக்கார்ட்' இதழில் எழுதிவிட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் பூனை வளர்ப்போரில் பெரும்பாலோர் இந்தப் பெயரைக் கேட்டதில்லை என்பது என் கணிப்பு. 2012-இல் கோலாலம்பூரின் தோல்நோய் மருத்துவர்கள் தங்களிடம் வந்த 19 மனித நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டபோதும் பூனை முக்கிய இடத்தில் இருந்தது. 2015-இல் மலேசியப் பூனைகளிடமிருந்து எடுத்த பூஞ்சைகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வு ஒன்று, அவை நெருங்கிய ஒரே குடிவழியைச் சேர்ந்தவை என்று காட்டியது. ஒவ்வொரு பூனையும் தனித்தனியாக மண்ணிலிருந்து நோயை வாங்கியிருந்தால் விதவிதமான வகைகள் அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? பூனையிலிருந்து பூனைக்கு, கடியிலும் கீறலிலும், கைமாறிக் கைமாறி வருகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பிரேசில் சான்று. ரியோ டி ஜெனிரோவில் 1998 முதல் பரவத் தொடங்கிய பூனை ஸ்போரோட்ரிக்கோசிஸ் ஆயிரக்கணக்கான மனிதர்களைத் தொற்றியது. அங்கே பரவுவது ஸ்போரோத்ரிக்ஸ் பிரேசிலியென்சிஸ் என்ற, இன்னும் மூர்க்கமான உறவினன். 2007-இல்தான் அதைத் தனி இனம் என்று அடையாளம் கண்டார்கள். நோய்ப் பூனைகளைத் தெருவில் விட்டதும், இறந்த பூனைகளைக் காலி மனைகளில் புதைத்ததும் அங்கே நிலைமையை மோசமாக்கின.

பூனையின் புண்ணில் இந்த ஈஸ்ட் செல்கள் எக்கச்சக்கமாக இருக்கும். அதனால்தான் அதன் ஒரு கீறலே போதுமானதாகிறது. புண் பெரும்பாலும் மூக்கிலும் காதிலும் முன்னங்காலிலும் வரும், ஏனென்றால் பூனைகள் சண்டையில் அறைவது அங்கேதான். கூடவே தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடவேண்டும். காயடிக்காத, இரவில் வெளியே சுற்றும் ஆண் பூனைகள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

ஒரு கண்ணாடிச் சில்லு

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். புண்ணின் பொருக்கை நீக்கி, நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லை அதன் மேல் ஒற்றி எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தால் பூனை விஷயத்தில் பெரும்பாலும் அங்கேயே ஈஸ்ட் செல்கள் தென்படும். சில நிமிட வேலை. உறுதிசெய்யப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். கிளினிக்கில் கூட்டம் இருக்கும்போது இந்தச் சில்லு மறந்துபோகிறது. செலவைக் குறைக்க நாமும் "டெஸ்ட் எல்லாம் வேணாங்க" என்கிறோம். இரண்டாம் முறை அதே புண்ணோடு போகிறவர் வாய்விட்டுக் கேட்க வேண்டியது இதுதான்: "ஊசிக்கு முன்னால ஒரு ஸ்மியர் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஏன் ஊசிக்கு முன்னால்? ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. ஒவ்வாமைக்கு அது அருமருந்து. பூஞ்சைக்கு அது விருந்து. முதல் சில நாள் வீக்கம் வடிந்து புண் சுருங்குவதுபோல் தோன்றும். உள்ளே பூஞ்சை தங்குதடையின்றிப் பரவும். ஊசியின் வேகம் தணிந்ததும் முன்னைவிடப் பெரிதாக வெளிப்படும். நாம் அதைப் புது நோய் என்று நினைத்து அடுத்த ஊசிக்கு ஓடுவோம்.

ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்று உறுதியானால் வழக்கமான மருந்து இட்ராகோனசோல். தினமும், சாப்பாட்டோடு, மாதக்கணக்கில். படர்தாமரைக்கு ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விடும் முறை உண்டு. அதை இங்கே கொண்டுவரக் கூடாது. பூனை சாப்பிட மறுத்தாலோ சோர்ந்துபோனாலோ கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும். இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. புண் முழுக்க ஆறி, முடி முளைத்து, பூனை பழையபடி குதிக்கத் தொடங்கிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் மருந்தைத் தொடர வேண்டும். தோற்பது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். கண்ணுக்கு நோய் தெரியவில்லை, மருந்தோ விலை அதிகம், பூனையோ மாத்திரையைக் கண்டால் கட்டிலடியில் போய் ஒளிகிறது. யாருக்குத்தான் மனம் வரும்?

அதுவரை பூனை ஓர் அறையில் தனியாக இருக்கட்டும். கையுறை இல்லாமல் புண்ணைத் தொடவேண்டாம். குழந்தைகளும், சர்க்கரை நோயாளிகளும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் மாத்திரை கொடுக்கும் வேலையை ஏற்கக் கூடாது. கர்ப்பிணிகள் அந்த மருந்தையே தொடாமல் இருப்பது நல்லது. கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். சில வாரத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டி, அதற்கு மேலே கை நெடுக வரிசையாக இன்னும் சில கட்டிகள் என்று கிளம்பினால் உங்கள் மருத்துவரிடம் போய் முதல் வார்த்தையாக "வீட்டில் பூனைக்குப் புண் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல்தான் பலர் ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக் காலம் கடத்துகிறார்கள். நோய்ப் பூனை முகத்தருகே தும்மிக் கண்ணில் தொற்றுவதும் உண்டு.

புண் இல்லை, அரிப்புதான்

எல்லாப் பூனைக்கும் இந்தப் பூதம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் அரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணம் தெள்ளுதான். வாலடி, தொடை, கழுத்து ஆகிய இடங்களில் முடி குறைந்து, தடவினால் சின்னச் சின்னப் பொருக்குகள் விரலில் நெருடும். "எங்க பூனைக்குத் தெள்ளே கிடையாது, வெளியே விடுறதே இல்லை" என்பது வழக்கமான பதில். பூனை நக்கியே தெள்ளைத் தின்றுவிடும். ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். சீப்பால் வாரி விழும் கறுப்புத் துகளை ஈரமான டிஸ்யூவில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த ரத்தம், தெள்ளின் எச்சம்.

கழுத்துப் பிடரியில் விடும் சொட்டு மருந்து பூனை மேல் இருக்கும் தெள்ளைக் கொல்லும். ஆனால் ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகூட இடும், அவை பூனை மேல் ஒட்டி நிற்காமல் உதிர்ந்துவிடும். பாய், கம்பளம், சோபா இடுக்கு, பூனை படுக்கும் துணிக்கூடை என்று வீடு முழுக்க முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் கிடக்கும். நம் வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். கூட்டுப்புழுவை மருந்தும் சுலபத்தில் தொடாது. உள்ளே மாதக்கணக்கில் காத்திருந்து, தரை அதிர்ந்து, உடல் சூடு தெரிந்ததும் வெளியே துள்ளும். தீபாவளிக்கு ஈப்போவுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கணுக்காலில் கடி வாங்கியவர்களுக்கு இது புரியும்.

ஆகவே ஒரு மாதம் சொட்டு விட்டு, அரிப்பு நின்றதும் விடுவது வீண்செலவு. வீட்டில் உள்ள அத்தனை பூனைக்கும், நாய் இருந்தால் அதற்கும் உரியது தனியாக, குறைந்தது மூன்று மாதம் விடாமல் போடவேண்டும். வாக்யூம் இழுப்பதும் பூனைத் துணியை வெந்நீரில் துவைப்பதும் சிகிச்சையின் பாதி.

படர்தாமரையும் இதே கதைதான், பூஞ்சை வடிவில். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற அதன் வித்துகள் உதிர்ந்த முடியில் ஒன்றரை ஆண்டுவரைகூட உயிரோடு கிடக்கும். பெர்சியன் பூனைகளில் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கும். பிள்ளையின் கழுத்தில் வட்டமாகத் தடித்த பிறகுதான் பூனை மேல் சந்தேகம் வரும். முடி முளைத்தது குணமானதற்கு அடையாளம் ஆகாது. வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தால்தான் ஆயிற்று. காது ஓரமும் நெற்றியும் சாம்பல் நிறப் பொருக்காகத் தடித்தால் அது சொறிச் சிலந்திப்பேன். கடுமையாக அரிக்கும், நமக்கும் தற்காலிகமாக ஒட்டும், ஆனால் சரியான மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும்.

ஒட்டுண்ணியும் பூஞ்சையும் இல்லை என்று உறுதியான பிறகே உணவைச் சந்தேகிக்கும் முறை வருகிறது. பூனைகளில் அதிகம் பதிவான உணவு ஒவ்வாமைகள் மாட்டிறைச்சி, மீன், கோழி. மீன் பூனையின் இயற்கை உணவு என்று நம்பி தினமும் கெம்போங் மீனை அவித்துப் போடும் வீடுகளுக்கு இது கசக்கும். இதற்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. பூனை இதுவரை தின்றிராத ஒரே புரதத்தை, அல்லது மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு (புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த) உணவை, எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எட்டு வாரமும் பாட்டி தட்டிலிருந்து ஒரு துண்டுகூட விழக் கூடாது. அதுவும் இல்லையென்றால் தூசி, பூச்சி, மகரந்த ஒவ்வாமை. அங்கே ஸ்டீராய்டுக்கும் சைக்ளோஸ்போரினுக்கும் நியாயமான இடம் உண்டு. வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசியைவிட, அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற பிரெட்னிசோலோன் மாத்திரை மேல். நீண்டகால ஊசி மீண்டும் மீண்டும் போனால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் இருக்கிறது.

எதுவும் பிடிபடாதபோது "ஸ்ட்ரெஸ்தான்" என்று சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. மன உளைச்சலால் நக்கி நக்கி முடி இழந்தவை என்று கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை நுணுகி ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வந்தது. 16 பூனைகளுக்கு உடல்நோய்தான் காரணமாக இருந்தது. மனம் மட்டுமே காரணம் என்று தேறியவை 2.

அடுப்படி வைத்தியம்

வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் மூன்றும் நம் கைக்கு முதலில் வருபவை. நமக்குப் பூசினால் அது தோலில் இருக்கும். பூனைக்குப் பூசினால் பத்து நிமிடத்தில் வயிற்றில் இருக்கும். அதன் கல்லீரலுக்குச் சில வேதிப்பொருள்களைச் செரித்து வெளியேற்றும் வழி ஒன்று பிறவியிலேயே குறை. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லும் என்பது அதனால்தான். டெட்டால் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவது, கற்பூரம் கலந்த எண்ணெய், தேயிலை மர எண்ணெய் எல்லாம் அதே ஆபத்து. மிக மோசமானது, நாய்க்கான சொட்டு மருந்தைப் பாதி அளவு பூனைக்கு விடுவது. அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனை நடுங்கி, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடும். பெட் கடையில் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் கொஞ்சம் பட்டால் ஆபத்தில்லை. பயனும் இல்லை. ஸ்மியர் எடுக்கவேண்டிய புண்ணில் எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தால் மருத்துவருக்கு வேலை இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

கையில் போன் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் புண்ணைப் படம் எடுத்துவையுங்கள். எப்போது என்ன ஊசி, எத்தனை நாள் என்ன மாத்திரை என்ற குறிப்பும் சேர்ந்தால், கிளினிக் மாறினாலும் கதை முதலிலிருந்து தொடங்காது. இரண்டு மூன்று முறை திரும்பிய நோய்க்குப் பரிந்துரைக் கடிதத்தோடு செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். சுபாங் ஜெயாவிலிருந்து அதிக தூரமில்லை. ஊசி, களிம்பு, மறுபடி ஊசி என்று ஓராண்டில் சிந்திய வெள்ளியைக் கூட்டிப் பார்த்தால், முறையான ஒரு பரிசோதனை அப்படியொன்றும் விலை உயர்ந்ததாகத் தெரியாது.

மருந்துச் செலவைக் கண்டு மிரண்டு, பூனையைப் பசாருக்குப் பக்கத்திலோ உணவுக்கடைப் பின்புறத்திலோ விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தன் விலங்கை வேதனையிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது; கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள். ஆறாத புண்ணோடு விடப்பட்ட ஆண் பூனை அன்றிரவே அந்தச் சந்தின் பூனைகளோடு சண்டை போடும். அவற்றில் ஒன்று காலையில் யார் வீட்டு மடியிலாவது ஏறிப் படுக்கும்.